பூத்தால் மருந்து போச்சு: சீன மூலிகைகளின் இனப்பெருக்கமும் இயற்கை வேறுபாடும்

முதுநிலைத் தாவரவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சீன மருந்துச் செடிகளின் இனப்பெருக்க உயிரியலும் இயற்கை வேறுபாடும் என்று எங்களுக்கு ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். மருந்து என்றால் அதிலுள்ள வேதிப்பொருள்தானே முக்கியம்? பூ எப்படிப் பூக்கிறது, மகரந்தம் எப்படிப் போகிறது என்பதெல்லாம் எதற்கு? இன்னொன்று, ஒரே செடி ஊருக்கு ஊர் நிறம், உயரம், வீரியம் எல்லாம் மாறுகிறதே, அது மண்ணாலா, பரம்பரையாலா?"

இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மருந்து என்று நாம் தோண்டி எடுக்கும் வேர், கிழங்கு, குமிழ் எல்லாம் அந்தச் செடி பூத்துக் காய்ப்பதற்காகச் சேர்த்து வைத்த கையிருப்பு. அதை எந்த வயதில் எடுக்கிறோம், பூப்பதற்கு முன்பா பின்பா, விதை போட விடுகிறோமா என்பதைப் பொறுத்து அந்த மலையில் அடுத்த தலைமுறையாக எது நிற்கும் என்பது முடிவாகிறது. சீனாவில் இந்தத் தோண்டல் பல நூறு ஆண்டுகளாக நடப்பதால் அங்கே இதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த சில செடிகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் டாங்குய். கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி, பெயர் ஆஞ்செலிகா சினென்சிஸ். கன்சு மாகாணத்து மின்ஷியான் மலைப்பகுதி இதற்குப் பேர் போனது. மருந்து அதன் வேர். முதல் ஆண்டு நாற்று, இரண்டாம் ஆண்டு வேர் பருத்து அறுவடை, விதைக்கு என்று விட்டு வைத்தவை மூன்றாம் ஆண்டில் பூக்கும், இதுதான் முறை. ஆனால் வயலில் ஒரு பகுதிச் செடிகள் அவசரப்பட்டு இரண்டாம் ஆண்டிலேயே தண்டு விட்டுப் பூத்துவிடும். முள்ளங்கி போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தண்டு எழும்பிய முள்ளங்கியை வெட்டினால் உள்ளே சக்கையாக இருக்குமே, அதே கதைதான். டாங்குய் வேர் கட்டையாகிவிடும், வாசனை போய்விடும், வியாபாரி தொடமாட்டார். பூத்தால் மருந்து போச்சு.

ஏன் சில மட்டும் அவசரப்படுகின்றன? நாற்று ஓரளவு பருத்த பிறகு நீண்ட குளிரை அனுபவித்தால், "குளிர்காலம் ஒன்று கழிந்துவிட்டது, இனிப் பூக்கலாம்" என்று அதற்குக் கணக்காகிவிடுகிறது. அதனால் அனுபவமுள்ள விவசாயி பெரிய நாற்றை விரும்புவதில்லை. சிறு நாற்றாகப் பார்த்து எடுப்பார். குளிர்காலத்தில் நாற்றுகளை உறைநிலைக்குக் கீழே வைத்துவிட்டால் அந்தக் கணக்கு ஓடாமல் நின்றுவிடும் என்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. இது சூழலின் பங்கு. இன்னொரு பக்கம், அவசரப்பட்டுப் பூத்த செடியின் விதைக்கு அங்கே ஒரு பெயரே உண்டு: வெடிமருந்து விதை. அதைப் போட்டால் அடுத்த பயிரிலும் அவசரக் குடுக்கைகள் கூடும். இது பரம்பரையின் பங்கு. பணத்தை மிச்சம் பிடிக்க ஒருவர் இரண்டாம் ஆண்டுப் பூவிலிருந்து விதை எடுத்தால், தெரியாமலே சீக்கிரம் பூக்கும் குணத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார் என்று அர்த்தம். ஆக, மண்ணா பரம்பரையா என்று கேட்டால் ஒரே வயலில் இரண்டும்.

அடுத்தது தியான்மா. எனக்கு இதில் ஒரு தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஸ்ட்ரோடியா எலாட்டா என்ற ஆர்க்கிட் இது. இலை கிடையாது, வேர் கிடையாது, பச்சையம் கிடையாது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போல ஒரு கிழங்கு மட்டும். பூக்கும் காலத்தில் அதிலிருந்து செங்குத்தாக ஒரு தண்டு மேலே வரும். செந்நிறத் தண்டு, இலையில்லாமல் அம்பு குத்தி நிற்பதுபோல் இருப்பதால் பழைய சீன மருத்துவர்கள் அதைச் செவ்வம்பு என்றார்கள். தலைவலி, மயக்கம், வலிப்புக்கு மருந்து. இதைப் பயிராக்க முடியாது என்பதுதான் நெடுங்காலம் இருந்த நம்பிக்கை. "தியான்மா ஒரு புதையல், நட்டால் ஓடிப்போகும்" என்று அங்கே சொலவடை உண்டு. நட்ட இடத்தில் மறுவருடம் தோண்டினால் ஒன்றும் இருக்காது, அல்லது தள்ளி வேறெங்கோ இருக்கும்.

ஓடிப்போகவில்லை, பட்டினி கிடந்து செத்தது. தியான்மா தானாகச் சமைக்காது, பூஞ்சையைத் தின்று வாழ்கிறது. ஆர்மில்லேரியா என்ற பூஞ்சை மரங்களின் வேரையும் கட்டையையும் அரிப்பது. கறுப்புக் கயிறு போல இழைகளை மண்ணில் ஓட்டும். அந்த இழை கிழங்குக்குள் நுழையும்போது கிழங்கின் உட்புறச் செல்கள் அதைச் செரித்துவிடுகின்றன. மரத்தைத் தின்னும் பூஞ்சை, பூஞ்சையைத் தின்னும் ஆர்க்கிட். 1960-களில் ஆராய்ச்சியாளர் ஷு ஜின்தாங் ஷான்சி மலைப்பகுதியிலும், குன்மிங் தாவரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோ ஷுவான் யுன்னான் மாகாணத்து ஷியாவ்சாவ்பா என்ற சிற்றூரிலும் இதை வைத்துத்தான் பயிராக்கத்துக்கு வழி கண்டார்கள். ஆர்மில்லேரியா பிடித்த மரக்கட்டைகளைப் புதைத்து, பக்கத்தில் சிறு கிழங்குகளை வைத்தால் வளர்ந்தது.

ஆனால் சில தலைமுறை கிழங்கிலிருந்தே கிழங்கு எடுத்தால் விளைச்சல் குறைந்துகொண்டே வரும். கிழங்கு சின்னதாகும், நோய் தங்கும். விதைக்குப் போகாமல் தீராது. அங்கேதான் இரண்டாவது முடிச்சு. ஒரு தியான்மாக் காயைப் பிளந்தால் 20,000-க்கும் மேற்பட்ட விதைகள் தூசியாகப் பறக்கும். மூச்சு விட்டால் கலைந்துவிடும் அளவுக்கு. ஒவ்வொன்றிலும் சில செல்கள் கொண்ட ஒரு கரு, சுற்றி மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். நெல்லிலும் தேங்காயிலும் இருப்பது போன்ற முளைசூழ்தசை, அதாவது குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டை, அறவே கிடையாது. ஆர்மில்லேரியாவைப் பக்கத்தில் வைத்தாலும் முளைக்காது; சொல்லப்போனால் அது முளைப்பைத் தடுக்கிறது. முளைக்க வேறொரு பூஞ்சை வேண்டும்: உதிர்ந்த இலைகளில் வாழும் மைசீனா. 1980 வாக்கில் ஷு ஜின்தாங் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் விதை வழிப் பயிர் கைக்கு வந்தது. குழந்தைப் பருவத்துக்கு ஒரு செவிலி, வளர்ந்த பின் வேறொரு சமையற்காரர்.

இப்போது இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் தாவரவியல் பாடம் முழுக்க ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பூ ஒரு சிறு பானை வடிவம், விரல்நுனி அளவுகூட இருக்காது. உள்ளே ஒரு தூண். அதன் உச்சியில் தொப்பி போட்ட மகரந்தக் கட்டி, அடியில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி. ஒரே பூவுக்குள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் தானாக மகரந்தம் கீழே விழுந்து சேராது, பூச்சி வந்தாக வேண்டும். பூச்சியை நம்பினால் காய் பிடிப்பது குறைவு. அதனால் ஒருவர் கையில் இடுக்கியோடு உட்கார்ந்து தொப்பியைத் தூக்கி, மஞ்சள் கட்டியை எடுத்து, இன்னொரு செடியின் பூவில் அடிப்பக்கமாக ஒட்டவைப்பார். கீழிருந்து மேலாகத்தான் பூ விரியும், ஆகையால் அதே தண்டுக்கு நாள்தோறும் வரவேண்டும். மூன்று வாரம் போவதற்குள் காய் முற்றிவிடும். விதைக்கு ஆயுள் குறைவு. உடனே மைசீனா பிடித்த இலைகளின் மேல் தூவிவிட வேண்டும், தாமதித்தால் வீண்.

வேறுபாடு எங்கே வருகிறது என்றால், இந்தத் தண்டின் நிறத்தில். செந்தண்டு வகை தாழ்ந்த மலைகளில் நன்றாக வரும், விளைச்சல் அதிகம், ஆனால் கிழங்கில் நீர் கூடுதல். கருந்தண்டு வகை 1,500 மீட்டருக்கு மேலே குளிரில் வளரும், கிழங்கு கெட்டி, காய்ந்தால் எடை நிற்கும், விலையும் அதற்கே. பச்சைத் தண்டு, மஞ்சள் தண்டு என்றும் அரிதாக உண்டு. இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு செந்தண்டையும் கருந்தண்டையும் இடுக்கியால் கலந்த கலப்பினம். கையால் மகரந்தம் சேர்ப்பது விதைப் பஞ்சத்துக்காக ஆரம்பித்தது. அதுவே புது வகைகளை உண்டாக்கும் வழியாகிவிட்டது.

மருந்துக்கடையில் உலர்ந்த தியான்மாவைக் கையில் எடுத்தால் ஒரு முனையில் செம்பழுப்பு நிறத்தில் கிளிமூக்கு போல ஒரு மொட்டு இருக்கும், மறுமுனையில் தொப்புள் போல வட்டத் தழும்பு. கிளிமூக்கு இருந்தால் அது பூக்கத் தயாரான கிழங்கு, குளிர்காலத்தில் தோண்டியது, உள்ளே கெட்டி. மூக்குக்குப் பதில் தண்டின் எச்சம் ஒட்டியிருந்தால் வசந்தத்தில் தண்டு வந்த பிறகு எடுத்தது. இலேசாக, உள்ளே பொந்தாக இருக்கும். தரம் பார்க்கும் வியாபாரி உண்மையில் பார்ப்பது "இது பூத்துவிட்டதா?" என்பதைத்தான். டாங்குய்யில் சொன்ன அதே கணக்கு.

போகிற போக்கில் ஒரு தகவல்: 2018-இல் இதன் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது 19,000-க்குச் சற்றுக் குறைவான மரபணுக்களே இருந்தன. பூக்கும் தாவரங்களில் மிகக் குறைந்த எண்ணிக்கைகளில் ஒன்று. ஒளிச்சேர்க்கைக்கான சாமான்களில் பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிந்துவிட்டது. ஒட்டிச் சாப்பிடுகிறவனுக்கு அடுப்பு எதற்கு?

சரி, பெய்முவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் "நிறம்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்கு நேரடிப் பதில் இங்கேதான்.

லில்லிக் குடும்பத்து ஃப்ரிட்டிலாரியா இனங்களின் குமிழ்தான் பெய்மு, இருமலுக்கான மருந்து. சிச்சுவான் பெய்மு என்று விற்பதில் ஒன்றல்ல, பல இனங்கள் அடங்கும். அவற்றில் சின்ன மணிகளுக்குத்தான் மதிப்பு அதிகம். கொண்டைக்கடலையை விடச் சிறிய வெள்ளை மணி. பூண்டுபோல இரண்டு பல், பெரிய பல் சின்னதை அணைத்துக்கொண்டிருக்கும். "மார்பில் அணைத்த நிலா" என்று அதற்குப் பெயர். பெயர் அழகுதான். ஆனால் சிறியது விலை அதிகம் என்றால் என்ன அர்த்தம்? இளசிலேயே, பூப்பதற்கு முன்பே தோண்டுவதற்குச் சந்தை காசு கொடுக்கிறது என்று அர்த்தம். மலையில் பொறுக்குகிறவர்கள் செடியின் வயதுக்கேற்ப பெயர் வைத்திருக்கிறார்கள். முளைத்த வருடம் ஒற்றை ஊசி, இரண்டு இலை வந்தால் இரட்டை நாடா, பூத்தால் விளக்குப் பூ. விளக்குப் பூவாக வர ஐந்தாறு வருடம் ஆகும். அதற்குள் தோண்டிவிட்டால் அந்தச் செடி விதையே போடாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தக் கூட்டத்தில் ஃப்ரிட்டிலாரியா டெலவாயி என்பது உயரமான இடத்துச் செடி. யுன்னான், சிச்சுவான், திபெத் சந்திக்கும் ஹெங்துவான் மலைகளில், மரங்கள் முடிந்துபோன உயரத்தில், சரளைக்கற்கள் சரிந்து கிடக்கும் சரிவில் வளரும். வழக்கமாக இலை பச்சை. சில மலைகளில் மட்டும் சாம்பலும் பழுப்புமாக, கல்லோடு கல்லாக இருக்கும். அருகில் போய் நின்றாலும் சட்டென்று தெரியாது.

குன்மிங் தாவரவியல் நிறுவனத்தின் நியு யாங்கும் சுன் ஹாங்கும், இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்து மார்ட்டின் ஸ்டீவன்ஸும் இதை ஆராய்ந்து 2020 நவம்பரில் கரண்ட் பயாலஜி இதழில் வெளியிட்டார்கள். ஒளிந்துகொள்ளும் செடிகளைத் தின்ன வரும் விலங்கு எது என்று முதலில் தேடினார்கள். மேய்ந்த தடயம் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர்க்காரர்களிடம் எவ்வளவு குமிழ் தோண்டப்படுகிறது என்று கேட்டார்கள். எங்கே தோண்டுவது சுலபம், எங்கே பெரிய பாறைகள் கையைத் தடுக்கின்றன என்றும் அளந்தார்கள். அதிகம் தோண்டிய மலைகளில் செடி கல்லின் நிறத்தோடு அதிகம் ஒத்துப்போனது. தோண்டக் கடினமான இடங்களில் பச்சையாகவே இருந்தது. கணினித் திரையில் படங்களைக் காட்டி "செடியைக் கண்டுபிடி" என்று ஆட்களிடம் சோதித்தபோது, ஒளிந்த வகையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடித்தது.

ஒரு கிலோ உலர்ந்த மருந்துக்கு இதன் குமிழ்கள் 3,500-க்கும் மேல் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் குனிந்து கண்ணால் தேடிப் பிடுங்கியிருக்கிறார். கண்ணில் பட்டது போனது, படாதது நின்று பூத்து விதை போட்டது. இத்தனைக்கும் கல்லின் நிறம் அங்கங்கே வேறு என்பதால் ஒளிவதும் அங்கங்கே வேறு: சாம்பல் கல்லில் சாம்பல் செடி, செம்பழுப்புக் கல்லில் செம்பழுப்பு. "மண்ணின் தன்மையால் இலை நிறம் மாறியது" என்று பார்த்தவுடன் சொல்லத் தோன்றும். மண் நிறத்தைச் செடிக்கு ஊட்டவில்லை. மண்ணின் நிறத்தில் இல்லாத செடிகளை நாம் தூக்கிவிட்டோம். இந்த வித்தியாசத்தை மட்டும் தேர்வில் தெளிவாக எழுதினால் போதும். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சேர்த்து எழுதுங்கள்: அந்த ஆய்வு காட்டுவது தோண்டலுக்கும் நிறத்துக்கும் உள்ள ஒத்துப்போக்கை. நூற்றாண்டுகளாக நடந்ததை யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

பார்த்ததற்குக் கிட்டத்தட்ட ஈடான சாட்சி பனித்தாமரையில் உண்டு. சாஸூரியா லானிசெப்ஸ், பெயர்தான் தாமரை, உண்மையில் சூரியகாந்திக் குடும்பம், உடம்பு முழுக்கப் பஞ்சு போர்த்தியது. பல வருடம் தரையோடு இருந்துவிட்டு ஒரே ஒரு முறை பூத்துச் செத்துவிடும். மூங்கிலுக்குச் சொல்வோமே, அதுபோல. பூவோடு சேர்த்துத்தான் மருந்துக்குப் பிடுங்குவார்கள், அதிலும் உயரமானதாகப் பார்த்து. வாழ்நாளின் ஒரே வாய்ப்பு பறிபோகிறது. மிசௌரி தாவரவியல் பூங்காவின் வேய்ன் லாவும் ஜான் சாலிக்கும் 2005-இல் செய்தது எளிமையான வேலை: உலகின் உலர்தாவரச் சேகரிப்புகளில் நூறாண்டுகளாக ஒட்டிவைத்த மாதிரிகளை எடுத்து அளவுகோலை வைத்தார்கள். செடி ஆண்டுக்கு ஆண்டு குட்டையாகிக்கொண்டே வந்திருக்கிறது. தட்பவெப்பம் காரணமாக இருக்கலாமே? அதற்காகத்தான் அதே மலையில் வளரும், மருந்துக்கு அவ்வளவாகப் பறிக்காத பக்கத்து இனம் ஒன்றையும் அளந்தார்கள். அது குட்டையாகவில்லை. கவகெபோ என்ற, திபெத்தியர் புனிதமாகக் கருதும் சிகரத்தைச் சுற்றி, கை படாத இடங்களில் பனித்தாமரை இன்னும் உயரமாக நிற்கிறது. எந்த ஆய்வுக் கருவியும் இல்லாமல், ஒரு பசைத்தாளும் அளவுகோலும் வைத்துச் செய்த இந்த ஆய்வுதான் எனக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும் விடப் பிடித்தது.

ஆண் பெண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லுவோ ஹான் குவோ என்ற இனிப்புப் பழம் தென்சீனாவின் குவாங்ஷி பகுதியில் விளைகிறது. சிங்கப்பூர் பக்கம் இருந்தவர்கள் அதைக் கொதிக்கவைத்த பானமாகக் குடித்திருப்பார்கள். காய்ந்த பழம் பழுப்பு ஓடாக, எடையே இல்லாமல் இருக்கும். சுரைக்குடும்பத்துக் கொடி, ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. மகரந்தம் பிசுபிசுப்பானது, பூச்சி ஒழுங்காகக் கொண்டுபோவதில்லை. காலையில் ஆண்பூவைப் பறித்துக்கொண்டு பந்தலுக்குள் போய், பெண்பூ ஒவ்வொன்றிலும் கையால் தொட்டுவைக்கிறார்கள். நம் ஊரில் பாகலுக்குச் சிலர் செய்வது போலத்தான், ஆனால் தோட்டம் முழுக்க. விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆணாக வந்து இடத்தை அடைக்கும் என்பதால் நல்ல பெண் கொடியைத் திசு வளர்ப்பில் பெருக்குகிறார்கள். நம் புடலையின் உறவான ட்ரைகோசாந்தெஸ் கிரிலோவியில் கணக்கு தலைகீழ். அதன் பழத்துக்குப் பெண் கொடி வேண்டும்; ஆனால் வேர் மருந்துக்கு ஆண் கொடியைத்தான் நடுவார்கள். காய்க்கிற செலவு இல்லாததால் ஆணின் வேரில் மாவு நன்றாக நிறையும். ஒரே செடியின் இரண்டு பாலும் இரண்டு வேறு மருந்து. இதை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் "இரண்டு ஊர்ச் சரக்கு" என்றுதான் தோன்றும்.

இஞ்சிக் குடும்பத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அரத்தை வகைகளின் பேரினம் ஆல்பினியா. யுன்னானின் தென்கோடியில், ஷிஷுவாங்பன்னா தாவரவியல் பூங்காவில், 2001-இல் வெளிவந்த ஆய்வுக்காக ஆல்பினியா க்வாங்சியென்சிஸ் பூக்களை நாள் முழுக்கப் பார்த்தவர்கள், சூலகமுடியைத் தாங்கும் சூல்தண்டு நகர்வதைக் கண்டார்கள். பாதிச் செடிகளில் காலையில் மகரந்தப்பை திறந்திருக்கும், சூலகமுடி மேலே தூக்கி, வண்டு உரசாத இடத்தில் இருக்கும். நண்பகலுக்குப் பிறகு அது கீழே வளைந்து வரும். மற்றப் பாதிச் செடிகளில் நேர் எதிர்: காலையில் சூலகமுடி கீழே காத்திருக்கும், பை மூடியிருக்கும், நண்பகலில் சூலகமுடி மேலே போன பிறகே பை திறக்கும். காலையில் ஒரு பாதி ஆண் வேலை பார்த்தால் மற்றது பெண் வேலை, பிற்பகலில் மாற்றிக்கொள்கின்றன. தன் மகரந்தம் தன் மேல் படாமல் இருக்க இப்படியொரு முறைவைப்பு. யுன்னானில் மசாலாவாகவும் மருந்தாகவும் விற்கும் சாவ்குவோ என்ற ஏலக்காய் உறவுக்கும் இதே பழக்கம். அதைத் தோட்டமாகப் போடுகிறவர் ஒரே வகைக் கன்றையே பிரித்துப் பிரித்து நட்டால் காய் ஏன் பிடிக்கவில்லை என்று மண்ணைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

எதிர்முனையில் விதையே இல்லாதவை. சுவான்ஷியொங் சிச்சுவான் சமவெளியில், துஜியாங்யான் வட்டாரத்தில், பயிராக மட்டுமே இருக்கும் செடி; விதையைக் கொண்டு யாரும் பெருக்குவதில்லை. தண்டின் கணுக்களை மலையில் தனியாக வளர்த்து, பிறகு கீழே சமவெளிக்குக் கொண்டுவந்து நடுவார்கள். நம் விரலி மஞ்சளும் சீன மருந்தில் ஜியாங்ஹுவாங் என்ற பெயரில் இருக்கிறது. அதுவும் மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று; பூக்கும், ஆனால் நல்ல விதை தராது. இவற்றில் ஒரு வகை என்றால் அது ஒரே ஆள்தான், லட்சம் துண்டாக. தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு வந்தால் முதலில் மண், உரம், நோய் என்று சந்தேகப்படலாம். பரம்பரையைக் கடைசியில் வைக்கலாம்.

அதற்கு நேர் எதிரில் நிற்பது சிங்ஹாவ், ஆர்டிமிசியா ஆன்னுவா. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் வந்த செடி, சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. 4-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹொங், ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து குடிக்கச் சொன்ன குறிப்பிலிருந்து, கொதிக்கவைத்தால் மருந்து கெடுகிறது என்று தூ யூயூ பிடித்துக்கொண்டதும், 1971 அக்டோபரில் ஈதரில் எடுத்த 191-ஆம் மாதிரி வேலை செய்ததும் எல்லோரும் சொல்லும் கதை. அதிகம் சொல்லாத பாதி இதுதான்: பெய்ஜிங் பக்கத்துச் செடிகளில் ஆர்ட்டிமிசினின் மிகக் குறைவு. அப்போது சிச்சுவானில் இருந்த யோயாங் பகுதியிலிருந்து வாங்கிய சரக்கில் அது நிறைய இருந்தது, அதனால்தான் தூய பொருளைப் பிரிப்பது எளிதானது. ஒரே இனம்தான், ஆனால் ஒரு வேதிப்பாதையில் சில செடிகள் ஆர்ட்டிமிசினின் பக்கம் திரும்புகின்றன, சில வேறு பொருளின் பக்கம் திரும்புகின்றன. அந்தத் திருப்பம் பரம்பரையானது.

இது நம் மரிக்கொழுந்தின் உறவு, ஒரே பேரினம். மரிக்கொழுந்தைக் கசக்கினால் விரலில் ஒட்டும் வாசனை எங்கிருந்து வருகிறதோ, அதேபோல் இலையின் மேல் உள்ள சுரப்புத் தூவிகளில்தான் ஆர்ட்டிமிசினினும் இருக்கிறது. பூ மிகச் சிறியது, வண்ணமில்லாதது, காற்றில் மகரந்தம் பறக்கும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஆகையால் பொட்டலத்தில் இருக்கும் ஒவ்வொரு விதையும் தனித்தனி ஆள். நல்ல செடி என்று நீங்கள் விதை எடுத்தாலும் அப்பன் யார் என்று காற்றுக்குத்தான் தெரியும்.

இப்போது உங்கள் மண்ணா பரம்பரையா கேள்விக்குத் தோட்டத்திலேயே விடை காணலாம். சிங்ஹாவ் விதை ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்து, ஒரே மண் கலவையில் இருபது தொட்டி வையுங்கள். உயரம், இலைப் பிளவு, வாசனை, பூக்கும் நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். அங்கே வரும் வேறுபாட்டில் பெரும்பங்கு பரம்பரை. பக்கத்திலேயே, ஒரே மஞ்சள் கிழங்கை உடைத்து இருபது துண்டை வெவ்வேறு மண்ணில் வையுங்கள். அங்கே வருவது மண். பிறகு சிங்ஹாவில் நன்றாக வந்த இரண்டு செடிகளின் கிளையை வெட்டி வேர்விடச் செய்து, இரண்டையும் எல்லா மண்ணிலும் வைத்தால் மண்ணையும் பரம்பரையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். சிங்ஹாவ் பகல் குறைந்தால் பூக்கும் செடி. சென்னையில் நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை, ஆகையால் அது முழங்கால் உயரம் வருவதற்குள்ளேயே மொட்டு கட்டிவிடலாம். இலைகளைச் சோதனைக்கு எடுப்பதானால் மொட்டு தெரியும் வாரத்திலேயே எடுங்கள். மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் தொட்டிகளுக்கு மேலே ஒரு விளக்கு எரியவிட்டால் பூப்பதைத் தள்ளிப்போடலாம். பாதித் தொட்டிகளுக்கு மட்டும் விளக்கு போட்டீர்களானால் பூப்பும் மருந்தும் எப்படிப் போட்டி போடுகின்றன என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்துவிடும்.